கையெழுத்து எவ்வளவு தூரம் கட்டும்?

தமிழர்களுக்கு மிக நெருக்கமாகத் தெரிந்த ஒப்பந்த வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபையில் நடந்தது. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதைப் பெரியபுராணத்தில் விரிவாகவே எழுதியிருக்கிறார். புத்தூரில் மணக்கோலத்தில் இருந்த நம்பியாரூரர் முன்னால் ஒரு முதியவர் வந்து நிற்கிறார். ஆரூரரின் பாட்டனார் எழுதிக் கொடுத்த அடிமை ஓலை தம்மிடம் இருப்பதாகவும், அதன்படி ஆரூரர் தமக்கு ஆள் என்றும் வழக்காடுகிறார். ஆரூரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். முதியவர் அசரவில்லை. கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்கிறார். சபையார் பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து எழுத்தை ஒத்துப் பார்த்து, ஆரூரர் தோற்றார் என்று தீர்ப்பளிக்கிறார்கள்.

சான்றுகளை அந்தச் சபை ஆராய்ந்த முறையில் இன்றைய வழக்கறிஞர்கூடக் குறை சொல்ல முடியாது. ஆனால் இதே வழக்கு இன்றைக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு வந்தால், எழுத்தை ஒத்துப் பார்க்கும் கட்டம் வரைக்கும் போகாது. ஒருவர் தாம் ஏற்றுக்கொண்ட கடமையால் தம் பேரனின் உடலுழைப்பை அடகு வைக்க முடியாது. அடிமைப்படுத்துவது சட்டம் ஏற்கும் நோக்கமும் அல்ல. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அப்படிப்பட்ட ஓலைகளை ஒட்டுமொத்தமாகச் செல்லாதவை ஆக்கிவிட்டது.

கையெழுத்து உண்மை என்றால் ஒப்பந்தம் கட்டும் என்பது அந்தச் சபையின் நிலை. கையெழுத்து உண்மையாக இருந்தாலும் சம்மதம் உண்மையா, நோக்கம் நியாயமா என்று கேட்பது நவீனச் சட்டத்தின் நிலை. இரண்டாவது நிலைக்கு இந்தியச் சட்டம் எந்த அளவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

போலீசா, கோர்ட்டா?

கொலை, கொள்ளை நடந்தால் வழக்கு நடத்துவது அரசு. கடன் வாங்கியவர் திருப்பித் தராவிட்டாலோ, முன்பணம் வாங்கிய வீட்டுக்காரர் கிரயம் செய்து தர மறுத்தாலோ அரசு முன்வராது. பாதிக்கப்பட்டவர் தாமே நீதிமன்றக் கட்டணம் கட்டி வழக்குப் போட வேண்டும். மனிதருக்கும் மனிதருக்கும் இடையே எழும் இந்த உரிமைகளையும் கடமைகளையும் கவனிப்பதுதான் தனியார் சட்டம். சொத்து, ஒப்பந்தம், நட்ட ஈடு, குடும்ப உறவு எல்லாம் இதன் கிளைகள்.

சிவில் வழக்கு ஆண்டுக் கணக்கில் இழுக்கும் என்பதால் பலர் நேரே காவல் நிலையத்துக்குப் போகிறார்கள். ஒப்பந்த மீறலை மோசடிப் புகாராக எழுதிக் கொடுத்தால் எதிராளி பயந்து பணத்தைக் கொடுத்துவிடுவார் என்பது கணக்கு. சென்னையைச் சேர்ந்த நெப்சி விமான நிறுவனத்தின் மீது இந்தியன் ஆயில் தொடுத்த வழக்கில், 2006-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் போக்கைக் குறிப்பிட்டுக் கண்டித்தது. வாக்குக் கொடுத்த நேரத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் அது மோசடிக் குற்றம். கொடுத்த வாக்கைப் பின்னால் காப்பாற்ற முடியாமல் போனால் அது ஒப்பந்த மீறல் மட்டுமே. குற்றவியல் சட்டத்தின் பெயரும் பிரிவு எண்ணும் 2024 ஜூலையில் மாறிவிட்டன. இந்த வேறுபாடு மாறவில்லை.

1872

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. லண்டனில் இருந்த சட்ட ஆணையம் வரைவு தயாரித்தது. வைசிராயின் கவுன்சிலில் சட்ட உறுப்பினராக இருந்த ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் அதை நிறைவேற்றி வைத்தார். முதலில் 266 பிரிவுகள். சரக்கு விற்பனை பற்றிய பகுதி 1930-இலும், கூட்டு வணிகம் பற்றிய பகுதி 1932-இலும் தனித்தனிச் சட்டங்களாகப் பிரிந்து போயின. மீதமுள்ளவை 150 ஆண்டுகளைத் தாண்டியும் பெரிய மாற்றமில்லாமல் நிற்கின்றன.

அதன் உயிர்நாடி 10-ஆம் பிரிவு. ஒப்பந்தம் செய்யத் தகுதி உள்ளவர்கள், தடையற்ற சம்மதத்துடன், சட்டம் ஏற்கும் மறுபயனுக்காக, சட்டம் ஏற்கும் நோக்கத்துக்காகச் செய்யும் உடன்பாடுகள் எல்லாம் ஒப்பந்தங்களே என்கிறது அது. எழுத்தில் இருக்க வேண்டும் என்றோ, முத்திரைத்தாள் வேண்டும் என்றோ அந்தப் பிரிவு கேட்கவில்லை. காய்கறிக்காரரிடம் கிலோ தக்காளி கேட்டு வாங்குவதும் ஒப்பந்தம்தான்.

வாக்கு எப்போது ஒப்பந்தமாகிறது?

ஒருவர் முன்மொழிய வேண்டும், மற்றவர் ஏற்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும் இந்த விதிதான் பல சுவையான வழக்குகளைப் பெற்றிருக்கிறது. லண்டனில் கார்பாலிக் ஸ்மோக் பால் என்ற நிறுவனம், தன் மருந்து உருண்டையை இரண்டு வாரம் முறையாகப் பயன்படுத்திய பிறகும் இன்ஃபுளுயன்சா வந்தால் 100 பவுண்டு தருவதாக 1891-இல் விளம்பரம் செய்தது. நம்பிக்கைக்கு அடையாளமாக வங்கியில் 1,000 பவுண்டு போட்டு வைத்திருப்பதாகவும் சொன்னது. லூயிசா கார்லில் என்ற பெண்மணிக்குக் காய்ச்சல் வந்தது. விளம்பரம் வெறும் பேச்சு என்று நிறுவனம் வாதாடியது எடுபடவில்லை. உலகத்துக்கே சொன்ன முன்மொழிவை, சொன்னபடி செய்து காட்டியவர் ஏற்றுக்கொண்டவர் ஆகிறார் என்று நீதிமன்றம் சொன்னது.

இதன் மறுபக்கம் 1913-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் வந்தது. வீட்டை விட்டு ஓடிப்போன பையனைத் தேட எஜமானர் தம் பணியாளரை அனுப்பினார். அவர் போன பிறகு, கண்டுபிடிப்பவருக்கு 501 ரூபாய் பரிசு என்று துண்டறிக்கை விட்டார். பணியாளர் பையனைக் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார். பரிசு பற்றிப் பின்னால் தெரிந்து கேட்டபோது கிடைக்கவில்லை. தெரியாத முன்மொழிவை ஒருவர் ஏற்க முடியாது என்பது தீர்ப்பு. தர்க்கம் சரிதான், பணியாளரின் மனம் ஆறியிருக்குமா என்பது வேறு.

வீட்டுக்குள் கொடுக்கும் வாக்குக்குச் சட்டம் என்ன மதிப்புத் தருகிறது? இந்தக் கேள்விக்கான புகழ்பெற்ற விடை இலங்கையோடு தொடர்புடையது. சிலோன் அரசில் நீர்ப்பாசனத் துறையில் உயர் பதவியில் இருந்த பால்ஃபர், உடல்நிலை காரணமாக இங்கிலாந்தில் தங்கிய மனைவிக்கு மாதம் 30 பவுண்டு அனுப்புவதாகச் சொல்லிவிட்டுக் கப்பலேறினார். பின்னர் இருவரும் பிரிந்தனர். மனைவி அந்தப் பணத்தைக் கேட்டு வழக்குப் போட்டார். கணவன் மனைவி இடையேயான இத்தகைய ஏற்பாடுகள் சட்ட விளைவை எண்ணிச் செய்யப்படுபவை அல்ல என்று 1919-இல் நீதிபதி அட்கின் தள்ளுபடி செய்தார். பிரிந்த பிறகு எழுதிக்கொள்ளும் உடன்பாடுகளைப் பின்னாளில் நீதிமன்றங்கள் வேறாகப் பார்த்தன.

ஏற்பு எந்த இடத்தில் முழுமை அடைகிறது என்பதும் முக்கியம், ஏனென்றால் வழக்கை எந்த ஊரில் போடுவது என்பதை அது தீர்மானிக்கும். அகமதாபாத் வணிகர் ஒருவர் தொலைபேசியில் பருத்திப் பிண்ணாக்கு வாங்கப் பேசினார். மகாராஷ்டிரத்தின் காம்காவ் ஊரில் இருந்தவர் சரி என்றார். ஏற்பு காதில் விழுந்த இடமான அகமதாபாத்தில்தான் ஒப்பந்தம் பிறந்தது என்று 1965-இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. மின்னஞ்சலில் பேசி முடித்த ஒப்பந்தமும் செல்லும் என்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு உறுதிப்படுத்துகிறது.

கொடுத்ததும் பெற்றதும்

வெறும் வாக்கைச் சட்டம் காப்பதில்லை. வாக்குக்கு ஈடாக ஏதாவது பெயர்ந்திருக்க வேண்டும். இதைத்தான் மறுபயன் என்கிறார்கள். ஹவுராவில் நகர மண்டபம் கட்ட 100 ரூபாய் நன்கொடை எழுதியவர் பின்வாங்கினார். அவர் வாக்கை நம்பி ஒப்பந்தக்காரரை அமர்த்திக் கட்டடப் பொறுப்பை ஏற்றுவிட்டார்கள் என்பதால் அவர் பணம் தர வேண்டும் என்று 1886-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது.

மறுபயனைக் கொடுப்பவர் யாராகவும் இருக்கலாம் என்பது இந்தியச் சட்டத்தின் தனித்தன்மை. அதை நிலைநாட்டியது 1882-இல் வெளியான சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு. ஒரு மூதாட்டி தம் சொத்தை மகளுக்குத் தானமாக எழுதி, தம் உடன்பிறப்புக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தர வேண்டும் என்று நிபந்தனை போட்டார். மகளும் தருவதாகத் தனியே எழுதிக் கொடுத்தார், பிறகு தரவில்லை. மறுபயன் தாயிடமிருந்து வந்ததே தவிர எதிர்த்தரப்பிடமிருந்து வரவில்லை என்ற வாதம் இங்கிலாந்தில் வென்றிருக்கும். சென்னையில் தோற்றது.

பாக் நீரிணையைக் கடந்தால் விதியே மாறுகிறது. இலங்கையின் பொதுச் சட்டம் டச்சுக்காரர்கள் விட்டுப்போன ரோமன்-டச்சுச் சட்டம். அங்கே ஈடு எதுவும் பெயராவிட்டாலும், மனப்பூர்வமாக, நியாயமான காரணத்துக்காகக் கொடுத்த வாக்கு கட்டும். அதேநேரம் காணி விற்பனை என்றால் 1840-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதியே ஆக வேண்டும்.

சம்மதத்தின் விலை

கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்ற உரிய வயது வராத இளைஞர், வட்டிக்காரர் ஒருவரிடம் சொத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கினார். அவருக்கு வயது வரவில்லை என்பது வட்டிக்காரரின் ஆளுக்குத் தெரிந்தே இருந்தது. 1903-இல் பிரிவி கவுன்சில், உரிய வயது வராதவர் செய்யும் உடன்பாடு தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றது. கொடுத்த பணத்தையாவது திருப்பிக் கொடுங்கள் என்ற கோரிக்கையும் எடுபடவில்லை. இன்றும் இந்த விதியே ஆள்கிறது.

வயது வந்தவரின் கையெழுத்தும் மிரட்டி வாங்கியதாக இருந்தால் நிற்காது. இதற்கு மறக்க முடியாத உதாரணம் சென்னை உயர் நீதிமன்றத்தின் 1889-ஆம் ஆண்டு வழக்கு. கணவர் இறந்து கிடக்கிறார். மனைவிக்கு வயது 13. குறிப்பிட்ட ஒரு பையனைத் தத்தெடுத்தால்தான் பிணத்தை எடுக்க விடுவோம் என்று உறவினர்கள் மறித்தார்கள். அந்தச் சிறுமி சம்மதித்தாள். தத்து செல்லாது என்று நீதிமன்றம் ரத்து செய்தது.

1917-இல் அதே நீதிமன்றத்துக்கு இன்னொரு குடும்பம் வந்தது. சொத்துரிமையைத் தம் சகோதரருக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடாவிட்டால் தற்கொலை செய்துகொள்வேன் என்று ஒருவர் மனைவியையும் மகனையும் மிரட்டி எழுதி வாங்கினார். தற்கொலை மிரட்டலும் வற்புறுத்தலே என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தார்கள். ஒரு நீதிபதி மாறுபட்டார். ஆனால் சென்னை நீதிமன்றம் இந்த இரண்டு வழக்கிலும் கையெழுத்தைத் தாண்டி, அதைப் போட்டவரின் நிலையைப் பார்த்தது.

பத்திரம், புரோநோட், அட்வான்ஸ்

வாய்மொழி ஒப்பந்தம் செல்லும் என்றாலும் அதை நிரூபிப்பது கடினம். சில ஒப்பந்தங்களுக்கு எழுத்தும் பதிவும் கட்டாயம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்ற விதியைத் தவிர்க்கவே 11 மாத வாடகை ஒப்பந்தம் ஊரெங்கும் வழக்கமானது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் வீட்டு வாடகை ஒப்பந்தங்களை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதியச் சொல்கிறது. ஆகவே 11 மாதக் கணக்கு இனி பழைய பாதுகாப்பைத் தராது.

புரோநோட்டு எழுதி வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியது காலக்கெடு. மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கெடு முடிவதற்குள் கடன்காரர் ஒரு பகுதியைக் கட்டி நோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையெழுத்திட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும்.

நிலம், வீடு வாங்குவதற்கான கிரைய ஒப்பந்தத்தைப் பதிவது தமிழ்நாட்டில் 2012 முதல் கட்டாயம். பதியாத ஒப்பந்தத்தை வைத்து வழக்கே போட முடியாதா என்ற ஐயம் நீண்ட நாள் இருந்தது. கிரயம் செய்து தரக் கோரும் வழக்கில் அதைச் சான்றாக ஏற்கலாம் என்று 2023 ஏப்ரலில், தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

பேச்சு முறிந்தால் அட்வான்ஸ் யாருக்கு? 1963-இல் முடிந்த டெல்லி பங்களா வழக்கு இதற்கு அடிப்படை. வாங்குபவர் 25,000 ரூபாய் கொடுத்திருந்தார்; அதில் 1,000 ரூபாய்தான் உறுதிப்பணம். ஒப்பந்தம் முறிந்ததும் மொத்தத்தையும் விற்பவர் வைத்துக்கொள்ளப் பார்த்தார். 1,000 ரூபாயை மட்டும் வைத்துக்கொள்ளலாம், மீதிக்கு உண்மையான இழப்பைக் காட்ட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 74-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எவ்வளவு பெரிய அபராதம் எழுதியிருந்தாலும் அது உச்ச வரம்பு மட்டுமே. நியாயமான ஈட்டுக்கு மேல் கிடைக்காது.

முடியாமல் போனால், முறித்தால்

1861-இல் லண்டனில் கச்சேரிக்கு வாடகைக்குப் பேசிய அரங்கம் நிகழ்ச்சிக்கு முன்பே எரிந்து போனது. இரு தரப்பும் கடமையிலிருந்து விடுபட்டார்கள். இந்தியச் சட்டத்தின் 56-ஆம் பிரிவும் செய்ய முடியாமல் போன ஒப்பந்தத்தைச் செல்லாததாக்குகிறது. ஆனால் கடினமாவது வேறு, முடியாமல் போவது வேறு. இரண்டாம் உலகப் போரின்போது கல்கத்தாவில் மனைகளாகப் பிரித்து விற்ற நிலத்தை ராணுவம் எடுத்துக்கொண்டது. அது தற்காலிகத் தடைதான், ஒப்பந்தம் சாகவில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தோனேசியாவில் நிலக்கரி விலை ஏறியதால் ஒப்பந்த விலைக்கு மின்சாரம் தர முடியாது என்று குஜராத்தின் முந்த்ரா மின் நிலையங்களை நடத்திய பெரிய நிறுவனங்கள் வாதாடியபோதும், 2017-இல் அதே பதில்தான் கிடைத்தது. நஷ்டம் வரும் என்பது விலகக் காரணமாகாது.

மீறியவர் தர வேண்டிய ஈடு, மீறலிலிருந்து இயல்பாக விளையும் இழப்பு அல்லது ஒப்பந்தம் செய்யும்போதே இருவரும் அறிந்திருந்த இழப்பு. தொலைதூர விளைவுகளுக்குப் பொறுப்பில்லை. ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லும் தனிச் சட்டத்தில் 2018-இல் வந்த திருத்தம் இன்னொரு பெரிய மாற்றத்தைச் செய்தது. சொன்னதைச் செய்து கொடு என்று உத்தரவிடுவது அதுவரை நீதிபதியின் விருப்பத்துக்கு விட்டதாக இருந்தது. இப்போது, சட்டம் சொல்லும் விலக்குகள் தவிர, உத்தரவிட்டாக வேண்டும்.

அச்சடித்த ஒப்பந்தம்

இதுவரை பார்த்தவை எல்லாம் இருவர் உட்கார்ந்து பேசி முடிவு செய்யும் ஒப்பந்தங்கள். 1872-இல் சட்டம் எழுதியவர்கள் மனத்தில் இருந்தவையும் அவையே. இன்று வங்கிக் கடன், காப்பீடு, செல்போன் செயலி, வேலை நியமன ஆணை எதிலும் பேச்சுக்கு இடமில்லை. ஒரு தரப்பு அச்சடித்து நீட்டும். மறு தரப்பு கையெழுத்திடும் அல்லது விட்டுவிட்டுப் போகும்.

இந்தச் சிக்கலைச் சென்னை உயர் நீதிமன்றம் 1960-களிலேயே ஒரு சேலை விஷயத்தில் சந்தித்தது. லில்லி ஒயிட் என்ற சலவையகத்தில் கொடுத்த சேலை தொலைந்தது. துணி தொலைந்தால் சந்தை மதிப்பில் பாதி மட்டுமே தருவோம் என்று ரசீதில் அச்சடித்திருந்தது. இதை ஏற்றால் கடைக்காரர் புதுத் துணியைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டாகும். ஆகவே அது பொதுநலனுக்கு எதிரானது என்று நீதிமன்றம் ஒதுக்கித் தள்ளியது. 1986-இல் பிரஜோநாத் கங்குலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் முன்னே போனது. நிரந்தர ஊழியரை மூன்று மாத நோட்டீசில் காரணம் சொல்லாமல் நீக்கலாம் என்ற அரசு நிறுவனத்தின் விதியை, பேரம் பேசும் பலமே இல்லாதவர் மீது திணித்தது என்று கூறி ரத்து செய்தது.

ஆனால் இந்தப் பாதை நேர்கோடாக இல்லை. சேலத்தைச் சேர்ந்த வணிகர் ஒருவர் குஜராத் நிறுவனத்திடம் ஜரிகை நூல் வாங்கினார். தகராறு வந்தால் கைரா நீதிமன்றம் என்று ஆவணத்தில் அச்சடித்திருந்தது. 'மட்டும்' என்ற சொல் இல்லாததால் சேலம் நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்று 1989-இல் தீர்ப்பு வந்தது. 2013-இல் வேறொரு வழக்கில், அந்தச் சொல் இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட ஊர் நீதிமன்றமே விசாரிக்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வேலையை மூன்றாண்டுக்குள் விட்டால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையும் 2025 மே மாதம் செல்லுபடியானது. பலமற்ற தரப்பைக் காக்கும் கொள்கையை நீதிமன்றம் மறுக்கவில்லை. பொதுத்துறை வங்கிக்கு ஆள் எடுக்கும் செலவைப் பார்த்தால் இந்த நிபந்தனை நியாயம் என்றது. சட்டமாகத் தெளிவாக எழுதாததால், எது நியாயம் என்பது அந்தந்த அமர்வின் பார்வையைப் பொறுத்து அமைகிறது.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒரு பகுதி நிவாரணம் தருகிறது. அளவுக்கு மீறிய வைப்புத்தொகை, பொருத்தமில்லாத அபராதம், கடனை முன்கூட்டி அடைக்க விடாதது, ஒருதலையாக ரத்து செய்யும் உரிமை போன்றவற்றை அது நியாயமற்ற ஒப்பந்தம் என்று பட்டியலிடுகிறது. ஆனால் அது நுகர்வோருக்கு மட்டும். பெரிய நிறுவனத்துக்குச் சரக்கு செய்து தரும் திருப்பூர் ஜாப் ஒர்க் பட்டறைக்காரர், ஒப்பந்தப் பண்ணையில் கோழி வளர்க்கும் பல்லடத்து விவசாயி, செயலி வழியே உணவு கொண்டு போகும் இளைஞர் எல்லாரும் அதற்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கு மிஞ்சுவது, தகாத செல்வாக்கையும் சட்டம் ஏற்காத நோக்கத்தையும் பற்றிய 1872-இன் 16, 23 பிரிவுகள் மட்டுமே; அவற்றை வைத்து உயர் நீதிமன்றம் வரை போராடப் பணமும் வேண்டும்.

இதற்கு மருந்து எழுதப்படாமல் இல்லை. நியாயமற்ற நிபந்தனைகளைச் செயல்படுத்த மறுக்கும் புதிய பிரிவைச் சேர்க்கும்படி சட்ட ஆணையம் 1984-இல் தன் 103-ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. 2006-இல் 199-ஆம் அறிக்கையில் தனி மசோதாவையே வரைந்து கொடுத்தது. இங்கிலாந்து 1977-இலேயே இப்படி ஒரு சட்டம் இயற்றிவிட்டது. இந்திய நாடாளுமன்றம் இன்னும் நிறைவேற்றவில்லை. செயலிகளின் காலத்துக்கு ஏற்ப அந்த மசோதாவைத் திருத்தி, சிறு வணிகரையும் தொழிலாளரையும் அதன் பாதுகாப்புக்குள் கொண்டுவந்து நிறைவேற்றுவதே நாடாளுமன்றம் இப்போது செய்ய வேண்டிய வேலை. அது நடக்கும் வரை, கையெழுத்திடுபவர் அபராதம், ரத்து, எந்த ஊர் நீதிமன்றம் ஆகிய மூன்று பத்திகளையாவது படித்துவிட்டு, ஒரு படியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.